குடை பிடிச்ச வைக்கோல் பொம்மையும் ஜாம் பாட்டில் பூவும்

இங்கிலாந்துல தோட்டச் சாமான் விக்கிற கடைகள்ல ரெடிமேடா சோளக்கொல்லை பொம்மை கிடைக்குது. ஒரு அடி, ரெண்டு அடி உயரம். குச்சியில செருகி வெச்சிருப்பாங்க. எல்லாத்துக்கும் ஒரே கட்டம் போட்ட சட்டை, ஒரே தொப்பி, ஒரே சிரிப்பு. வாங்கிட்டு வந்து பூந்தொட்டியில நட்டா அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது.

அந்த அஞ்சு நிமிஷத்தை நினைச்சாதான் வயிறு எரியுது.

ஏன்னா அதே நாட்டுல, ஒரே ஒரு பொம்மைக்காக ஒரு குடும்பமே மூணு வாரம் மல்லுக்கட்டற கிராமங்கள் இருக்கு. சட்டைக்குள்ள வைக்கோலைத் திணிச்சு, தலை நிக்காம சாயறதைப் பாத்து அலுத்து, மழையில மூஞ்சி கரைஞ்சு, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கற கிராமங்கள்.

கடைப் பொம்மையை விடுங்க. கெட்டில்வெல் போவோம்.

வடக்கு யார்க்‌ஷயர்ல வார்ஃப் ஆறு ஓடற பள்ளத்தாக்கு, அதோட மேல்பக்கம் இருக்கற ஊர் இது. சுமார் 300 பேர். சாம்பல் நிறக் கல் வீடுகள், சுண்ணாம்பு பூசாம கல்லை அடுக்கியே கட்டின வேலிகள், மேட்டுல செம்மறி ஆடுகள். 2003-ல வந்த 'கேலண்டர் கேர்ள்ஸ்' படம் பாத்தவங்க இந்தத் தெருக்களைப் பாத்திருக்காங்க. படத்துல ஊர்ப் பேர் மட்டும்தான் வேற.

1994-லேர்ந்து இங்க ஆகஸ்ட் மாசத்துல சோளக்கொல்லை பொம்மைத் திருவிழா நடக்குது. ஒரு வாரத்துக்கும் மேல, தெருவுக்குத் தெரு பொம்மை. பாலத்துக் கைப்பிடி மேல சாஞ்சுக்கிட்டு ஒண்ணு, கூரையில ஏணி போட்டு ஒண்ணு, ஓடைக்குள்ள தூண்டில் போட்டுக்கிட்டு ஒண்ணு. ஊர்ப் பள்ளி, சர்ச், பொது மண்டபம், இதுக்கெல்லாம் காசு சேக்கறதுக்காக ஊரே கையில எடுத்த வேலை. 300 பேர் இருக்கற ஊர்ல வேற யார் செய்வாங்க?

கெட்டில்வெல் மட்டும் இல்லை. லங்காஷயர்ல ரே கிராமத்துல 1990-களோட ஆரம்பத்துலேயே இது வந்துடுச்சு. வில்ட்ஷயர்ல அர்ச்ஃபான்ட்டுல மே மாச முதல் திங்கள் விடுமுறையை ஒட்டி நடக்குது (டார்பிஷயர் பக்கம் பாத்துட்டு வந்து ஆரம்பிச்சதாம்). வூஸ்டர்ஷயர்ல பெல்புரோட்டன்ல 1996-லேர்ந்து செப்டம்பர் கடைசி சனி, ஞாயிறு. ஸ்காட்லாந்து பக்கம் ஸ்கை தீவுல கூட உண்டு. 2014 ஆகஸ்ட் 7-ஆம் தேதி பர்ட்டன் அபான் டிரென்ட் ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையில 3,812 பொம்மையை ஒரே இடத்துல நிறுத்தி உலக சாதனையே பண்ணிட்டாங்க.

ஆனா 3,812-ஐ விட முப்பது நாப்பது பொம்மை இருக்கற தெருதான் அழகு. ஒவ்வொண்ணுக்கும் முன்னால நின்னு 'இது யாரு?'ன்னு யோசிக்க முடியும் இல்லையா?

இதுக்குத்தான் 'ஸ்கேர்குரோ டிரெயில்'னு பேர். பொது மண்டபத்துல சில பவுண்டு கொடுத்து ஒரு தாள் வாங்கணும். அதுல ஊர் வரைபடமும், பொம்மைகளோட எண்ணும், சில ஊர்ல விடுகதைகளும் இருக்கும். குழந்தைங்க பென்சிலோட முன்னால ஓடுவாங்க. பெரியவங்க பின்னால நடப்பாங்க. ஒண்ணுமே இல்லாத சந்துக்குள்ள கூட போய்ப் பாக்க வேண்டியிருக்கும், ஏன்னா பதினேழாம் நம்பர் பொம்மை அங்கதான் இருக்கு. சுத்தி முடிச்சு கால் வலிக்கும்போது சரியா மண்டபத்து வாசல் வந்துடும். உள்ள டீ, விக்டோரியா கேக், ஸ்கோன். ஊர் அம்மாக்கள் வீட்டுல செஞ்சு கொண்டுவந்தது. காசு அங்கதான் சேருது.

சரி, பயிரைக் காக்க நிறுத்தின பொம்மை எப்படித் தெருவுக்கு வந்தது?

அதுக்கு முன்னால அந்த வேலையைப் பாத்தது யாருன்னு கேக்கணும். குழந்தைங்க. காலங்காலமா இங்கிலாந்து வயல்கள்ல காக்காயையும் கருங்காகத்தையும் துரத்தினது சின்னப் பசங்கதான். கையில மரக் கிலுகிலுப்பை, பையில கல்லு. 1348-ல கொள்ளைநோய் வந்து மூணுல ஒரு பங்குக்கும் மேல ஜனம் செத்துப் போனப்போ, துரத்தறதுக்குப் பசங்களே இல்லாம, சாக்குல வைக்கோல் அடைச்சு டர்னிப் கிழங்குல தலை வெச்சு நிறுத்தினாங்கன்னு ஒரு கதை சொல்றாங்க.

அதுக்கப்புறமும் குழந்தைங்க அந்த வேலையிலேர்ந்து தப்பிக்கலை. வார்விக்‌ஷயர்ல பார்ஃபர்டு கிராமத்துல 1826-ல பொறந்தவர் ஜோசஃப் ஆர்ச். ஒன்பது வயசுல அவருக்குக் கிடைச்ச முதல் வேலையே காக்கா விரட்டறதுதான். ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரம். கூலி நாலு பென்னி. மூணாம் கிளாஸ், நாலாம் கிளாஸ் படிக்கிற பையனை நினைச்சுப் பாருங்க. விடியக்காலையிலேர்ந்து இருட்டற வரைக்கும் ஈரமான உழுத வயல்ல தன்னந்தனியா நடந்துக்கிட்டே கத்தணும். அந்தப் பையன்தான் வளர்ந்து 1872-ல விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் கட்டினார். 1885-ல பார்லிமென்ட்டுக்குள்ளேயும் போனார்.

தாமஸ் ஹார்டி 1895-ல எழுதின 'ஜூட் தி அப்ஸ்க்யூர்' நாவலோட தொடக்கத்துலயும் இப்படி ஒரு பையன் வர்றான். பறவைகளைப் பாத்து மனசு இளகி, சாப்பிட்டுப் போகட்டும்னு கிலுகிலுப்பையைக் கீழ போட்டுடுவான். பண்ணைக்காரர்கிட்ட அடி வாங்குவான். கதைதான். ஆனா அந்த மாதிரி நாள்கூலிப் பசங்க நிஜமா இருந்த காலம் அது.

இன்னிக்கு அதே வயசுக் குழந்தை வீட்டு வாசல்ல உக்காந்து பொம்மைக்குப் பொத்தான் கண்ணு தைக்குது. இதை நினைச்சுக்கிட்டு அந்தத் தெருவுல நடந்தா மனசு நிறைஞ்சு போகும்.

(பேரும் ஊருக்கு ஊர் மாறும். நம்மகிட்ட சோளக்கொல்லை பொம்மை, யாழ்ப்பாணத்துல வெருளி. அவங்ககிட்ட கிழக்குப் பக்கம் மாக்கின், பெர்க்‌ஷயர்ல ஹாட்மெடாட், வைட் தீவுல கேலிபேகர், ஸ்காட்லாந்துல டாட்டி போகில். டாட்டின்னா உருளைக்கிழங்கு, போகில்னா பேய். உருளைக்கிழங்குப் பேய்!)

பொம்மைக்கு உயிர் கொடுத்ததுல ஒரு புத்தகத்துக்கும் பெரிய பங்கு உண்டு. யார்க்‌ஷயர்ல டொன்காஸ்டர் பக்கம் ஆர்க்ஸியில பொறந்த பார்பரா யூஃபன் டாட் 1936-ல 'வொர்ஸல் கம்மிட்ஜ்' எழுதினாங்க. நடக்கற, பேசற, கோவிச்சுக்கற சோளக்கொல்லை பொம்மை. 1941-ல பஃபின் கதைப் புத்தக வரிசையில முதல் புத்தகமா வந்ததும் இதுதான். 1979-ல ஜான் பெர்ட்வீ நடிச்சு டிவியில வந்தப்போ, வொர்ஸலுக்கு மாத்தி மாத்தி வெச்சுக்கற தலைங்க இருந்துச்சு. யோசிக்கறதுக்கு ஒரு தலை, ஆடறதுக்கு ஒரு தலை. மழை நாட்டுல பொம்மை செய்றவங்களுக்கு இது உபயோகமான யோசனை. எப்படின்னு பின்னால வரும்.

செய்முறைக்கு வருவோம். ஒரு வீட்டை மனசுல வெச்சுக்குங்க. அப்பா, அம்மா, எட்டு வயசுப் பொண்ணு, அஞ்சு வயசுப் பையன், பக்கத்துத் தெருவுல பாட்டி. இந்த வருஷத் தலைப்பு கதைப் புத்தகங்கள். பொண்ணு மேரி பாப்பின்ஸ்தான் வேணும்னு நிக்குறா. குடை பிடிச்சுக் காத்துல பறந்து வர்ற ஆயா. 1934-ல பி.எல். டிராவர்ஸ் எழுதினது.

எலும்புக்கூடு சுலபம். ஆறடிக் கம்பு ஒண்ணு, தோளுக்குத் துடைப்பக் கட்டை ஒண்ணு, சிலுவை மாதிரி கட்டணும். ஆணி அடிச்சதோட விடாம சணலும் சுத்தணும், இல்லைன்னா தோள் சுழலும். மேரிக்கு நீளப் பாவாடைங்கறதால கால் செய்ய வேண்டாம். (முதல் தடவை செய்றவங்க பாவாடை கட்டின ஆளையே தேர்ந்தெடுக்கறது நல்லது. கால்சட்டைக்குள்ள வைக்கோல் அடைச்சு முழங்காலை மடக்கறது அனுபவசாலிங்க வேலை.)

முதல் தப்பு வைக்கோல்லயே நடக்கும். செல்லப்பிராணிக் கடையில முயலுக்குன்னு விக்கிற காய்ஞ்ச புல்லை வாங்கிட்டு வந்துடுவாங்க. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா புல்லுல இலையும் விதையும் இருக்கு. ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். நாலு நாள்ல பூஞ்சணம் பிடிச்சு மேரி மேல நாத்தம் அடிக்கும். எலிக்கும் பிடிக்கும். வேணும்கறது கோதுமை, பார்லி அறுத்த வெறும் தண்டு. அது உள்ள ஓட்டையா இருக்கும், தண்ணி வடிஞ்சுடும், சீக்கிரம் காயும். பக்கத்துப் பண்ணையில ஒரு கட்டு கேட்டா மூணு வீட்டுக்கு வரும்.

ரெண்டாவது தலை.

தலையணை உறையில வைக்கோல் அடைச்சு மேல கட்டுவாங்க. சாயங்காலத்துக்குள்ள தலை தொங்கிடும். இன்னும் கொஞ்சம் அடைப்பாங்க. இன்னும் தொங்கும், ஏன்னா இப்போ கனம் கூடிடுச்சு. அப்புறம் பலூனை ஊதி, மைதாப் பசையில செய்தித்தாள் ஒட்டி, காய வெச்சு ஒரு தலை செய்வாங்க. அழகா வரும். லேசாவும் இருக்கும். ராத்திரி தோட்டத்துல விட்டா நத்தை வந்து கன்னத்தைத் தின்னுட்டுப் போயிருக்கும். அந்த ஊர் நத்தைக்கு மாவுப் பசைன்னா அவ்வளவு ஆசை.

பாட்டி சமையல்கட்டுலேர்ந்து காலி பால் கேனைக் கொண்டு வருவாங்க. நாலு பைண்ட் கேன், அதாவது ரெண்டேகால் லிட்டர். தலைகீழா கவுத்து கம்புல செருகினா வாய்ப்பக்கம் கழுத்து. கைப்பிடி இருக்கு பாருங்க, அதுதான் மூக்கு! மேல தோல் நிறத்துல பழைய ஸ்டாக்கிங்ஸை இழுத்து மாட்டினா மூக்கும் கன்னமும் தானா வந்துடும். எடை ஒண்ணும் இல்லை. மழைக்குக் கவலை இல்லை. காசும் இல்லை. இந்தப் பால் கேன் மூக்கைக் கண்டுபிடிச்சவங்களுக்கு ஒரு சிலையே வைக்கலாம்.

மூணாவது, சாயம். பள்ளிக்கூடத்துல குழந்தைங்க அடிக்கிற பவுடர் பெயின்ட்டை வெச்சு உதடும் கண்ணும் வரைஞ்சா, முதல் தூறல்லேயே ரெண்டும் தாடைக்கு வந்துடும். அஞ்சு வயசுப் பையன் அழுவான். அக்ரிலிக் பெயின்ட்தான் தாங்கும். காஞ்சதும் மேல ஒரு கோட் வார்னிஷ். இங்கதான் வொர்ஸல் கம்மிட்ஜ் யோசனை கை கொடுக்கும். ரெண்டு கேன் எடுத்து ரெண்டு தலை செஞ்சு வெச்சுடுங்க. ஒண்ணு போனா ஒண்ணு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒண்ணுன்னு ஆனதால சண்டையும் தீந்துடும்.

கைக்குப் பாத்திரம் கழுவற ரப்பர் கையுறை. விரலுக்குள்ள கம்பி விட்டா எப்படி வேணா மடக்கலாம். அப்போதான் குடை பிடிக்கும்.

குடைன்னதும் நாலாவது தப்பு வருது, எல்லாத்தையும் விடப் பெருசு. மேரி பாப்பின்ஸ் குடையோடதானே வரணும்? விரிச்ச குடையைக் கையில கட்டி வாசல்ல நிறுத்தினா, யார்க்‌ஷயர் காத்துக்கு அது பாய்மரம் மாதிரி. கம்போட பிடுங்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டு ரோஜாச் செடி மேல போய் விழும். கதையில வர்ற மாதிரியே பறக்குதுன்னு குழந்தைங்க கை தட்டுவாங்க. ரோஜா வீட்டுக்காரங்க தட்ட மாட்டாங்க. கம்பை இன்னும் ஆழமா அடிச்சா குடை மட்டும் உள்ள வெளியா திரும்பிக்கும்.

வழி ஒண்ணுதான். குடைத் துணியை வெட்டி எடுத்துட்டு வெறும் கம்பிங்களை வெச்சுக்கணும். காத்து ஊடால போயிடும். அந்தக் கம்பி ஒவ்வொண்ணுலயும் பூவாத் தொங்க விட்டா? தொப்பியிலயும் அதே பூ?

இப்போ பூவுக்கு வந்துட்டோம்.

நிஜப் பூவைக் கட்டினா மத்தியானத்துக்குள்ள வாடிடும். க்ரேப் காகிதப் பூ ரொம்ப அழகு, ஆனா நனைஞ்சா சாயம் இறங்கி மேரியோட கோட்டு பூரா சிவப்பாகும். முட்டை அட்டையில குழிகளை வெட்டி டாஃபடில் செய்றது அங்க நர்சரிக் குழந்தைக்குக் கூடத் தெரியும். வீட்டுக்குள்ள வைக்க அருமை, வெளிய கூழாயிடும். தாங்கறது சோடா பாட்டில் அடிப்பாகம். கவுத்துப் பாருங்க, அஞ்சு மேடு, நடுவுல ஒரு குழி, அப்படியே அஞ்சிதழ்ப் பூ. உள்ள இருக்கற வாயுவோட அழுத்தத்துல அடிப்பக்கம் உப்பிடாம நிக்கறதுக்காக அந்த வடிவம். பெரியவங்க கத்தரிச்சுக் கொடுத்தா குழந்தைங்க உள்பக்கமா பெயின்ட் அடிச்சு, நடுவுல ஓட்டை போட்டு பச்சைக் கம்பி கோத்துடுவாங்க. முப்பது பாட்டில் சேக்கத் தெருவுல எல்லா வீட்டையும் தட்டணும். அப்படித் தட்டறதுலேயே பாதிப் பேருக்குத் திருவிழா ஆரம்பிச்சுடுது.

தெருவுல பொம்மை நிக்கற அதே சனி, ஞாயிறுல பல ஊர்கள்ல சர்ச்சுக்குள்ள பூத்திருவிழாவும் வைக்கறாங்க. காரணம் உண்டு. இங்கிலாந்து திருச்சபையில அந்தந்த ஊர் சர்ச்சைப் பழுது பாக்கற பொறுப்பு அந்தந்த ஊர்ச் சபைக்குத்தான். கட்டடத்துக்கு வயசு ஐந்நூறு, அறுநூறு இருக்கும். கூரையில ஈயத் தகடு, அதையும் திருடங்க பேத்துட்டுப் போறது உண்டு. ஞாயித்துக்கிழமை வர்றவங்க இருபது பேர். பூ பாக்க வர்றவங்க போடற காசு அங்க எவ்வளவு பெருசுன்னு புரியும்.

உள்ள ஆணி அடிக்கக் கூடாது, பசை நாடா ஒட்டக் கூடாது. பழைய கல்லும் மரமும் கெட்டுடும். எல்லாத்தையும் கட்டித்தான் நிறுத்தணும். பூவும் பறிச்ச கையோட வைக்கற விஷயம் இல்லை. விடியக்காலையிலயோ சாயங்காலமோ பறிச்சு, தண்ணியில முங்கற இலைகளைக் கழிச்சு, ஒரு ராத்திரி முழுக்க வாளித் தண்ணியில கழுத்தளவு நிக்க விடணும். பாப்பி மாதிரி பால் வடியற பூன்னா காம்பு நுனியை அரை நிமிஷம் கொதிக்கற தண்ணியில பிடிக்கணும். லில்லியோட மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்துடணும், இல்லைன்னா அந்த ஆரஞ்சுத் தூள் பீடத்து விரிப்புல பட்டுப் போகவே போகாது. (பட்டுட்டா ஈரத் துணியால தேய்க்காதீங்க. ஒட்டும் டேப்பால ஒத்தி எடுங்க.)

இங்க ஒரு சச்சரவும் ஓடிக்கிட்டு இருக்கு. பூவைக் குத்தி நிறுத்தற பச்சை ஸ்பாஞ்சுக் கட்டி இருக்கு பாருங்க, 1954-ல அமெரிக்காவுல வெர்னன் ஸ்மித்தர்ஸ் கண்டுபிடிச்சது. அது பிளாஸ்டிக். உதிர்ந்து உதிர்ந்து மண்ணுலயும் தண்ணியிலயும் கலந்துடும். செல்சீ பூக்கண்காட்சியை நடத்தற ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021-லேர்ந்து தன்னோட கண்காட்சிகள்ல அதுக்குத் தடை போட்டுடுச்சு. நாப்பது வருஷமா அதுலயே பழகின கைகளுக்கு இது சங்கடம்தான். ஆனாலும் தடை சரியான தடை. கோழிக்கூண்டு வலையைச் சுருட்டிப் பாத்திரத்துல அழுத்தினா எந்தக் காம்பும் நிக்கும். அடுத்த வருஷமும் அதே வலை. டார்பியில பொறந்த கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை 1930-கள்லேயே இப்படித்தான் செஞ்சாங்க. கீரை இலை, வேலியோரக் கொடி, காய்கறின்னு கையில கிடைச்சதை வெச்சு அலங்கரிச்சு லண்டனையே திரும்பிப் பாக்க வெச்சவங்க. 1953-ல எலிசபெத் ராணியோட முடிசூட்டு விழாவுக்குப் பூ வேலை பாத்ததும் அவங்கதான்.

குழந்தைங்களுக்கு ஜாம் பாட்டில். கழுத்துல சணல் கட்டி, வேலியோரத்துல பூத்திருக்கற டெய்ஸியும் காட்டுப் பூவும் அஞ்சாறு போட்டு, உக்கார்ற பெஞ்சுக்கு ஒண்ணா தொங்க விடுவாங்க. காட்டுச் செடியை நிலத்துக்காரங்க அனுமதி இல்லாம வேரோட பிடுங்கறது 1981 சட்டப்படி குத்தம். சாதாரணப் பூவை வீட்டுக்குன்னு கொஞ்சமா பறிச்சா பரவாயில்லை. வெள்ளைக் குடை மாதிரி பூக்கற செடிகள்ல மட்டும் ஜாக்கிரதை. ஜயன்ட் ஹாக்வீட்னு ஒண்ணு இருக்கு. அதோட சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா தீக்காயம் மாதிரி கொப்புளிச்சுடும். குழந்தைங்க தனியா பறிக்கப் போகக் கூடாது.

இன்னொண்ணு தட்டுத் தோட்டம். கிராமக் கண்காட்சிகள்ல குழந்தைங்களுக்குன்னு வைக்கற போட்டி. ஒரு சாப்பாட்டுத் தட்டு, அதுல பாசி புல்வெளியாகும், உடைஞ்ச பவுடர் டப்பாக் கண்ணாடி குளமாகும், ஐஸ் குச்சி வேலியாகும், தைம் கிளை மரமாகும். மழை பேஞ்சு வெளிய போக முடியாத சாயங்காலத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

பூ வேலையில குடும்பமே முங்கிப் போறதைப் பாக்கணும்னா டார்பிஷயர் போகணும். கிணத்துக்கு அலங்காரம் பண்ற வழக்கம் அங்க உண்டு. டிஸ்ஸிங்டன் கிராமம் இதுக்குப் பேர் போனது. இயேசு விண்ணேறின திருநாளை ஒட்டி ஆறு கிணறை ஜோடிக்கறாங்க. 1349 கொள்ளைநோய்ல ஊர்த் தண்ணி சுத்தமா இருந்து காப்பாத்தினதுக்கு நன்றின்னு சிலர். 1615 வறட்சியில கிணறு வத்தாததுக்குன்னு சிலர். ஆறுல ஒண்ணு குழந்தைங்க கிணறு.

வேலை இப்படி. ஆளுயர மரப் பலகைகளை ஆத்துலயோ குளத்துலயோ பல நாள் ஊறப் போடுவாங்க. காய்ஞ்ச பலகை களிமண்ணோட ஈரத்தை உறிஞ்சுடும் இல்லையா, அதுக்கு. களிமண்ணுல உப்பும் தண்ணியும் சேத்துக் காலால மிதிப்பாங்க. பூட்ஸ் போட்ட பொடிசுங்க வரிசையா நின்னு மிதிக்கறது தனிச் சந்தோஷம். குழைஞ்ச மண்ணைப் பலகையில அப்பி, மேல படம் வரைஞ்ச தாளை விரிச்சு, கோடு மேல ஊசியால குத்திக்கிட்டே போனா மண்ணுல புள்ளிக் கோலம் விழும். கோட்டுக்கு ஆல்டர் மரத்துச் சின்னக் காய்கள், காப்பிக் கொட்டை. உள்ள நிரப்ப இதழ். ஒவ்வொரு இதழா, கட்டைவிரலால அழுத்தி.

கீழேர்ந்து மேலதான் வைக்கணும். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி மேல் இதழ் கீழ் இதழோட தலையை மூடணும். அப்போதான் மழைத் தண்ணி வழிஞ்சு ஓடும். மேலேர்ந்து ஆரம்பிச்சா தண்ணி இடுக்குல புகுந்து படமே பேந்துடும். ஹைட்ரேஞ்சியா இதழ் அதிகம் உபயோகிக்கறாங்க. பலகைக்குப் பலகை ஆயிரக்கணக்குல இதழ், ராத்திரி ரொம்ப நேரம் வரைக்கும் வேலை, பாட்டியும் பேத்தியும் ஒரே பலகையில தோளோட தோள் உரசிக்கிட்டு. இவ்வளவும் ஒரு வாரம்தான் தாங்கும்.

ஒரு வாரத்துக்கு இவ்வளவு உழைப்பான்னு தோணலாம். நம்ம வாசக்கோலம் பத்து மணிக்குள்ள மிதிபட்டுடுது. அதை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

லிங்கன்ஷயர்ல ஸ்பால்டிங்கையும் சொல்லிடணும். டூலிப் கிழங்கு பெருக்கணும்னா பூத்தலையைக் கிள்ளிடுவாங்க. சத்து கிழங்குக்குப் போகட்டும்னு. கிள்ளின தலைகள் குப்பையாக் குமியும். அதை வண்டிகள்ல குத்தி அலங்கரிச்சு 1959-ல ஊர்வலம் விட்டாங்க. 2013 வரைக்கும் நடந்து நின்னு போச்சு. ஊர்க்காரங்க விடலை. 2023-ல மறுபடி வண்டி ஓட ஆரம்பிச்சுது.

அந்த மேரி பாப்பின்ஸ் என்ன ஆனாங்கன்னு சொல்லலையே?

திருவிழா முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் தெரு முழுக்க ஆளுங்க பொம்மையை அவுத்துக்கிட்டு இருப்பாங்க. நனைஞ்ச வைக்கோல் உரக்குழிக்குப் போகும், இல்லைன்னா ஸ்ட்ராபெரிச் செடிக்கு அடியில விரிப்பாங்க, பழம் மண்ணுல படாம இருக்க. கோட்டைத் துவைச்சு தர்மக் கடைக்குக் கொடுத்துடுவாங்க. குடைக் கம்பியிலேர்ந்து பாட்டில் பூ ஒவ்வொண்ணா கழட்டி அட்டைப் பெட்டியில போடறது பொண்ணோட வேலை. ரெண்டு பால் கேன் தலையையும் தூக்கிப் போட அஞ்சு வயசுக்காரன் விட மாட்டான். சிரிச்ச தலையை ஜன்னல்ல வெச்சுட்டு, மழையில கன்னம் கோணின தலையைப் பாட்டிகிட்ட கொடுப்பான். பாட்டி அதை அவங்க பட்டாணிப் பாத்தியில ஒரு மூங்கில் மேல கவுத்து வெச்சுட்டு, தலையில ஒரு பழைய தொப்பியையும் போட்டுட்டு, உள்ள போய்க் கெட்டிலைப் போடுவாங்க.